தம்பி போனதுக்கு அப்புறம் துதி வரல... மைக் பிடிச்சு நிக்கிறது மாய்மாலமா?

வாசகர் கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். எங்க சர்ச்ல எட்டு வருஷமா ஞாயிறு ஆராதனையில பாட்டு நடத்துறேன், சண்டே ஸ்கூல்ல பெரிய பிள்ளைங்களுக்கு கிளாஸும் எடுக்கிறேன். மார்ச் மாசம் என் தம்பி பைக் விபத்துல இறந்துட்டான், 26 வயசு. மூணாவது ஞாயிறே மேடையில ஏறிட்டேன், எல்லாரும் "துதி பண்ணும்மா, துதிச்சா பாரம் இறங்கும்"னு சொன்னாங்க. அஞ்சு மாசமாச்சு, இறங்கல. வாய் பாடுது, உள்ள ஒண்ணுமே இல்ல. இது மாய்மாலமா? வீட்ல ஜெபம் பண்ண உக்காந்தா "ஏன் ஆண்டவரே" மட்டும்தான் வருது. எங்க சித்தி அது முறுமுறுப்பு, வனாந்தரத்துல இஸ்ரவேலர் அப்படிப் பண்ணித்தான் அழிஞ்சாங்கன்னு சொல்றாங்க. இன்னொண்ணு, ஒரு செமினார்ல துதிக்கு ஏழு எபிரெய வார்த்தைன்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க, அதுல "ஷாபக்"னா உரக்கச் சத்தமிடுறது, அப்படித் துதிச்சா துக்கம் ஓடிப்போகும்னு இருந்துச்சு. கதவைச் சாத்திட்டு கத்திக்கூட பார்த்துட்டேன் ஐயா. அந்த ஏழு வார்த்தையைத்தான் இப்ப பிள்ளைங்களுக்கு சார்ட் போடச் சொல்லியிருக்காங்க. அது சரியா? ராத்திரி தூக்கமும் சரியா இல்ல.

பதில்:

அன்பு சகோதரி,

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். தம்பியைப் பத்தி ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அவன் ஏன் போனான்ங்கிறதுக்கு என்கிட்ட எந்த வசனமும் இல்ல, இருக்கிற மாதிரி காட்டிக்கவும் மாட்டேன். எபிரெய வேதத்தைப் படிச்சு அதை மாணவர்களுக்குச் சொல்லிக்குடுக்கிறதுதான் என் வேலை, அந்த முறையில நீங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நீங்க மேடையில நிக்கிறது மாய்மாலம் இல்ல. ஆனா உங்களை அந்த மூணாவது ஞாயிறு மேடையில ஏத்தியிருக்கக் கூடாது, அதையும் சேர்த்தே சொல்லணும். ஏன்னு சொல்றேன், லேவியராகமம் 10-ஆம் அதிகாரத்தை எடுங்க. நம்ம சபைகள்ல இதை "அந்நிய அக்கினி"ன்னு ஒரே பிரசங்கத்துக்குத்தான் எடுக்கிறோம், நாதாபும் அபியூவும் செத்தாங்க, எச்சரிக்கையா இருங்க, ஆமென், முடிஞ்சுது. அதிகாரம் அதோட முடியல. செத்துப்போனது ஆரோனோட ரெண்டு பிள்ளைங்க. அவர் பிரதான ஆசாரியர், அதாவது அந்த ஜனத்துக்கே ஆராதனை நடத்துற ஆளு, ஒரே நாள்ல ரெண்டு மகனும் கண்ணு முன்னாடி போயாச்சு, "ஆரோன் பேசாதிருந்தான்"னு வசனம் சொல்லுது. துணியைக் கிழிச்சு வெளிப்படையா துக்கம் கொண்டாடக்கூட அவருக்கு அன்னைக்கு அனுமதி இல்ல. இவ்வளவு வரைக்கும் பாக்க உங்க நிலைமை மாதிரியேதான் இருக்கு, உடைஞ்சு போயிருக்கிற ஆளு டியூட்டியில நிக்கிறார்.

ஆனா அடுத்து என்ன நடக்குதுன்னு பாருங்க. பாவநிவாரண பலியோட மாம்சத்தை ஆசாரியர்கள் பரிசுத்த ஸ்தலத்துல சாப்பிடணும்ங்கிறது முறை. மோசே தேடிப் பாக்கிறார், அது சாப்பிடப்படாம எரிஞ்சு போயிருக்கு. கோபம் வந்து மிச்சமிருக்கிற ரெண்டு பிள்ளைங்க எலெயாசார், இத்தாமார் மேல பாய்றார். அப்பதான் அதுவரைக்கும் பேசாம இருந்த ஆரோன் வாயைத் திறக்கிறார்: இன்னைக்கு எனக்கு இப்படியெல்லாம் நேர்ந்திருக்கு, இந்த நிலைமையில நான் அதைச் சாப்பிட்டிருந்தா அது கர்த்தருடைய பார்வைக்கு நன்றாய் இருக்குமோ? இதைக் கேட்டதும் மோசேக்கு அது சரின்னு பட்டுச்சுன்னு அதிகாரம் முடியுது. எபிரெயத்துல "அவன் கண்களுக்கு நன்றாயிருந்தது"ன்னே இருக்கு. சடங்குமுறைக்கு இவ்வளவு கண்டிப்பான ஒரு புத்தகத்துல, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ஆராதனைத் தலைவர் "இன்னைக்கு என்னால இதைச் செய்ய முடியல, செஞ்சா அது உண்மையா இருக்காது"ன்னு சொன்னதை நியாயப்பிரமாணம் வாங்கிக்கொடுத்த மோசேயே ஏத்துக்கிட்டார். இந்த இடத்தை முதல்முதல்ல எபிரெயத்துல படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, இப்பவும் வகுப்புல இதைப் படிக்கும்போது கொஞ்ச நேரம் நிறுத்திட்டுத்தான் தொடருவேன்.

யூதர்கள் இந்த விஷயத்தை நம்மளவிட ஜாஸ்தி யோசிச்சிருக்காங்க. கி.பி. 200 வாக்குல தொகுத்த யூத சட்டத் தொகுப்பான மிஷ்னாவுல, ஜெபங்களைப் பத்தின முதல் பகுதியிலேயே ஒரு விதி இருக்கு, தன் வீட்டுல இறந்தவர் உடல் அடக்கத்துக்குக் காத்திருக்கிற ஆளுக்கு தினசரி ஜெபத்துல இருந்து விலக்கு. ஜெபம் பண்ணலேன்னா குத்தம் இல்ல. அடக்கம் முடிஞ்ச பிறகு சொல்ற கதீஷ்னு ஒரு ஜெபம் இருக்கு, அது முழுக்க தேவனுடைய நாமத்தை மகிமைப்படுத்துற ஜெபம்தான், சாவைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது, ஆனா தனியா சொல்ல முடியாது, குறைஞ்சது பத்து பேர் கூடி நிக்கணும், துக்கத்துல இருக்கிறவர் சொல்லச் சொல்ல மத்தவங்க நடுவுல நடுவுல "ஆமென்"னு சொல்லி அவரைத் தாங்கிப் பிடிக்கணும். நம்ம சபையில நடக்கிறது இதுக்குத் தலைகீழ், துக்கத்துல இருக்கிற பொண்ணு மேடையில நின்னு மத்த எல்லாரையும் தாங்குது.

உடனே யாராவது "தாவீதைப் பாரு, பிள்ளை செத்ததும் எழுந்து குளிச்சு ஆலயத்துக்குப் போய் ஆராதிச்சான், யோபுவைப் பாரு, பத்து பிள்ளை போயும் ஆராதிச்சான்"னு சொல்லுவாங்க, உங்ககிட்ட ஏற்கனவே சொல்லியிருப்பாங்க. சரி, பாப்போம். 2 சாமுவேல் 12:20, யோபு 1:20, ரெண்டு இடத்துலயும் எபிரெயத்துல ஒரே வினைச்சொல்தான், ஹிஷ்தஹவா. அர்த்தம் முகங்குப்புற விழுறது, தரையில நெத்தி படப் பணியிறது. ஏத்தின் புத்திரர் முன்னாடி ஆபிரகாம் குனிஞ்சு வணங்குறதுக்கும் (ஆதியாகமம் 23) இதே சொல்தான், மோரியாவுக்கு ஈசாக்கைக் கூட்டிட்டுப் போகும்போது வேலைக்காரங்ககிட்ட "தொழுதுகொண்டு திரும்பி வருவோம்"னு சொல்றாரே, அங்கயும் இதேதான். இந்தச் சொல்லுக்குள்ள பாட்டு இல்ல, இசை இல்ல. யோபு வஸ்திரத்தைக் கிழிச்சிக்கிட்டார், தலையைச் சிரைச்சிக்கிட்டார், தரையில விழுந்தார். "கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்"னு ஒரு வரி சொன்னார், உண்மைதான், அது பெரிய வார்த்தை. ஆனா அதே யோபு 3-ஆம் அதிகாரத்துல தான் பிறந்த நாளையே சபிக்கிறார், அதுக்கப்புறம் 31-ஆம் அதிகாரம் வரைக்கும் தேவன்கிட்ட வழக்காடுறார், கடைசியில 42:7-ல கர்த்தர் யாரைப் பாத்து "என் தாசனாகிய யோபு பேசினது சரி"ங்கிற மாதிரி பேசுறார்னு பாருங்க, ஒழுங்கா தேவனுக்காக வாதாடின சிநேகிதர்களைப் பாத்துத்தான், நீங்க பேசினது சரியில்ல, அவன் பேசினதுதான் சரின்னு. முதல் ரெண்டு அதிகாரத்தை மட்டும் படிச்சுட்டு ஆறுதல் சொல்ல வர்றவங்ககிட்ட மீதி 40 அதிகாரமும் படிச்சீங்களான்னு கேக்கணும்னு தோணும் எனக்கு.

நம்மளுக்கு "ஆராதனை"ன்னாலே ஞாயிறு காலையில முதல் அரை மணி நேரம் கீபோர்டோட நிக்கிறதுன்னு ஆயிடுச்சு. யாத்திராகமத்துல "எனக்கு ஆராதனைசெய்ய என் ஜனங்களை அனுப்பிவிடு"ன்னு வருதே, அந்த இடத்துல இருக்கிற ஆவத்ங்கிற வேர்ச்சொல், முதல் அதிகாரத்துல செங்கல் அறுத்து அடிமை வேலை செஞ்சாங்களே அதுக்கும் அதே வேர்தான். வேலை, ஊழியம், ஒருத்தருக்கு ஆளா இருக்கிறது. பார்வோனுக்கு ஆளா இருந்தவங்க இனி கர்த்தருக்கு ஆளா இருக்கணும், அதுதான் அங்க ஆராதனை. அதனால உங்களுக்குப் பாட்டு வராத அஞ்சு மாசமும் நீங்க ஆராதிக்கலன்னு அர்த்தம் இல்ல. விட்டுட்டு ஓடாம தினம் அந்த இருட்டுல போய் உக்காந்து "ஏன் ஆண்டவரே"ன்னு கேக்கிறீங்களே, தரையில விழுந்து கிடக்கிற அந்த ஹிஷ்தஹவாவுக்கு அது ரொம்பக் கிட்ட இருக்கு.

சித்தி சொன்ன முறுமுறுப்புக்கு வர்றேன். சித்தி மேல கோபப்படாதீங்க, நிறைய பேர் இப்படித்தான் கத்துக்கிட்டு வந்திருக்காங்க, பயந்து சொல்றாங்க. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தைச் சித்தியோட சேர்ந்து உக்காந்து ஒருதரம் வாசிங்க. ஜனங்க முறையிடுறாங்க, பாளயத்தோட ஓரத்துல அக்கினி பத்துது, அப்புறம் எகிப்துல சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் நினைச்சு கூடார வாசல்ல நின்னு அழுறாங்க, கர்த்தருக்குக் கோபம் மூளுது. இதெல்லாம் சித்திக்குத் தெரியும். அதே அதிகாரத்துல 11-ஆம் வசனத்துல இருந்து மோசே பேசுறதைப் பாருங்க. ஏன் எனக்கு இந்த உபத்திரவம், இந்த ஜனங்களையெல்லாம் நானா சுமந்து பெத்தேன், என்னால தனியா தாங்க முடியல, இப்படித்தான் செய்வீர்னா என்னைக் கொன்னுபோட்டுடும். ஜனங்க சொன்னதைவிட இது கடுமையான பேச்சு! இதுக்குக் கர்த்தர் என்ன பண்ணார்? அக்கினி வரல. எழுபது மூப்பரைக் கூட்டிட்டு வா, நீ ஒருத்தனே சுமக்க வேண்டாம், அவங்க உன்கூட சேர்ந்து சுமக்கட்டும்னு சொன்னார்.

ஒரே அதிகாரம், ரெண்டு பக்கமும் அழுகை, ரெண்டு பக்கமும் ஏன்ங்கிற கேள்வி. வித்தியாசம் எங்கன்னா முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குங்கிறதுல. அவங்க தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க, எகிப்து பக்கம் திரும்பிட்டாங்க, 14-ஆம் அதிகாரத்துல "ஒரு தலைவனை ஏற்படுத்திக்கிட்டு எகிப்துக்கே திரும்பிப் போவோம்"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற வரைக்கும் போயிட்டாங்க. மோசே நேரா அவர்கிட்டயே போய்க் கொட்டினார். உங்க "ஏன்" யாரைப் பாத்துக் கேக்கிற "ஏன்"னு நீங்களே எழுதியிருக்கீங்க, "ஏன் ஆண்டவரே"ன்னு.

இதுக்கு எபிரெயத்துல ஒரு தனி வார்த்தையே இருக்கு, ஸீயக். சங்கீதம் 142:2-ல "அவருக்கு முன்பாக என் சஞ்சலத்தை ஊற்றுகிறேன்"னு வர்ற அந்த சஞ்சலம்தான் அது, குறைசொல்லிப் புலம்புறது, மனசுல இருக்கிறதை வாய்விட்டு முனகுறது. சங்கீதம் 119-ல "உமது கட்டளைகளைத் தியானிக்கிறேன்"னு சொல்ற இடத்துலயும் இதே வேர்தான், தியானமும் புலம்பலும் ஒரே வேர்ல இருந்து வர்றது எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கும். அன்னாளைப் பத்தி உங்க பிள்ளைங்களுக்கு எத்தனையோ தடவை கதை சொல்லியிருப்பீங்க, 1 சாமுவேல் 1-ல உதடு மட்டும் அசையுது, சத்தம் வரல, ஏலி குடிவெறின்னு நினைச்சுட்டார். அவ சொல்றா, "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்", அடுத்த வசனத்துல தான் பேசினது எதனாலன்னு சொல்லும்போது அவ வாயில வர்ற வார்த்தையும் இந்த ஸீயக்தான். ஆலயத்துல இருந்த ஆசாரியருக்கே அது ஜெபம்னு தெரியல. ஆனா பின்னாடி வந்த யூத ரபிமார், ஜெபம் எப்படிப் பண்ணணும்னு தால்முத்ங்கிற யூத போதனை நூல்ல விதி எழுதும்போது அன்னாளைத்தான் மாதிரியா எடுத்தாங்க, உதடு அசையணும், குரல் வெளியே கேக்கக் கூடாது, மனசு ஒருமிச்சு இருக்கணும், எல்லாமே அவகிட்ட இருந்து கத்துக்கிட்டது. இன்னைக்கும் யூதர்கள் புதுவருஷம் ரோஷ் ஹஷானா முதல் நாள் ஜெபாலயத்துல அவ கதையைத்தான் வாசிக்கிறாங்க.

இப்ப அந்த ஏழு வார்த்தை பேப்பர். இதைப் பத்தி எனக்கு லெட்டர் வராத மாசமே இல்ல. வார்த்தைகள் எல்லாம் உண்மையான எபிரெய வார்த்தைதான், ஹாலல், யாதா, தோதா, பாரக், ஸாமர், ஷாபக், தெஹில்லா. பிரச்சனை என்னன்னா ஏழோட அது நிக்கல, இன்னும் எத்தனையோ இருக்கு, அதுவும் போக ஒவ்வொண்ணுக்கும் ஒரு உடல் அசைவை ஒட்டவச்சு, இது கை தூக்குறது, இது முழங்கால் போடுறது, இது கத்துறது, இந்த வரிசையில ஏறிப்போனா மகாபரிசுத்த ஸ்தலம்னு படிக்கட்டு மாதிரி சொல்லிக்குடுக்கிறாங்க. மொழி அப்படி வேலை செய்யாதும்மா. தமிழ்ல "வாழ்த்து"ங்கிற சொல்லுக்குள்ள "வாழ்"னு இருக்கு, அதுக்காக ஒருத்தருக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லும்போதெல்லாம் நாம அவருக்கு உயிர் குடுக்கிறோம்னு யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா.

ஷாபக்கையே எடுத்துக்குவோம், உங்களைக் கத்த வச்சது அதுதானே. சங்கீதம் 63:3, "ஜீவனைப்பார்க்கிலும் உமது கிருபை நல்லது; என் உதடுகள் உம்மைத் துதிக்கும்", இங்க இருக்கிறதுதான் ஷாபக். புகழ்றது, மேன்மையா பேசுறது, அவ்வளவுதான், அதுவும் வனாந்தரத்துல தாகத்தோட, ராத்திரி படுக்கையில நினைச்சுக்கிட்டுப் பாடின சங்கீதம் அது, கத்துறதுன்னு அந்தச் சொல்லுக்கு அங்க அர்த்தம் இல்ல. சொல்லப்போனா இதே எழுத்துக்களோட இன்னொரு வினைச்சொல் இருக்கு, சங்கீதம் 65:7-லயும் 89:9-லயும், அங்க கடலோட இரைச்சலை அமர்த்துறதுன்னு அர்த்தம். நீங்க கத்தியும் துக்கம் போகலன்னா உங்க விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல, அந்த வார்த்தைக்கு இல்லாத ஒரு சக்தியை யாரோ பேப்பர்ல எழுதிட்டாங்க, அவ்வளவுதான்.

நெஜமாவே சத்தமிடுறதுக்கு எபிரெயத்துல வேற வார்த்தைகள் இருக்கு, அதுல ஒண்ணைப் பத்தி உங்களுக்குச் சொல்லியே ஆகணும். ரின்னா. "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்", அந்த கெம்பீரம் எபிரெயத்துல ரின்னா. இப்ப சங்கீதம் 61:1 பாருங்க, "தேவனே, என் கூப்பிடுதலைக் கேட்டு, என் விண்ணப்பத்தைக் கவனியும்", அந்தக் கூப்பிடுதலும் ரின்னாதான்! நம்ம தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்குத் தகுந்த மாதிரி ரெண்டா பிரிச்சுட்டாங்க, தப்பே இல்ல, வேற வழியும் இல்ல. ஆனா எபிரெயத்துல அறுவடைக்காரனோட ஆர்ப்பரிப்புக்கும் நெருக்கத்துல இருக்கிறவனோட அலறலுக்கும் ஒரே பேரு. எருசலேம் எரிஞ்சு போன பிறகு எழுதின புலம்பல் 2:19-ல "எழுந்திரு, இராத்திரியிலே முதற்சாமத்தில் கூப்பிடு, ஆண்டவரின் சமுகத்தில் உன் இருதயத்தைத் தண்ணீரைப்போல ஊற்றிவிடு"ன்னு இருக்கே, அந்தக் "கூப்பிடு"வும் இதே வேர். நீங்க கதவைச் சாத்திட்டுக் கத்தினீங்களே, அது உங்க பேப்பர்ல இருக்கிற ஷாபக் இல்லாம இருக்கலாம், ரின்னாவா இருந்திருக்கும்.

பாரக் கதையும் இப்படித்தான். அதையே தேவன் மனுஷனுக்குச் செஞ்சா தமிழ் வேதம் "ஆசீர்வதி"ங்குது, மனுஷன் தேவனுக்குச் செஞ்சா "ஸ்தோத்திரி"ங்குது, "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" அங்க இருக்கிறது பாரக். முழங்கால்ங்கிற பெரெக்கோட தொடர்பு இருக்குன்னு சொல்லுவாங்க, இருக்கட்டும், ஆனா யோபு 2:9-ல அவர் மனைவி சொல்றதும் எபிரெயத்துல பாரக்தான், தமிழ்ல "தூஷித்து"ன்னு சரியாவே போட்டிருக்காங்க, ஏன்னா தேவனைச் சபிக்கிறதுன்னு எழுதவே கூசி இந்த வார்த்தையை மாத்திப் போடுற வழக்கம் எபிரெயத்துல உண்டு. ஒரே சொல், ஸ்தோத்திரம், ஆசீர்வாதம், தூஷணம். இடத்தைப் பாக்காம சொல்லை மட்டும் சார்ட்ல ஒட்டினா என்ன ஆகும்னு இதுல இருந்தே தெரியும்.

ஹாலல் ரொம்ப அழகான சொல், அல்லேலூயா இதுல இருந்துதான் வருது, ஹல்லெலூ-யா, "நீங்க எல்லாரும் 'யா'வை, அதாவது கர்த்தரை, துதிங்க", பன்மைக் கட்டளை. சங்கீதப் புத்தகத்துல 104-ஆம் சங்கீதத்தோட முடிவுலதான் முதல்முதலா அது வருது, அதுவரைக்கும் 103 சங்கீதத்துல ஒரு அல்லேலூயாகூட கிடையாது. இதே ஹாலல்தான் சாராயோட அழகைப் பத்தி பிரபுக்கள் பார்வோன்கிட்டப் புகழ்ந்து பேசினதுக்கும், அப்சலோமோட அழகை ஊரே மெச்சினதுக்கும் வருது. நீதிமொழிகள் 31-ல குணசாலியான ஸ்திரீயைப் புருஷன் புகழ்றதும் இதேதான். ஆக, ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட வாயாரச் சொல்றது. பிள்ளைங்களுக்கு இதைச் சொன்னா டக்குன்னு பிடிச்சுக்குவாங்க.

தோதா பத்தியும் ஒரு விஷயம். நன்றின்னு அர்த்தம், இன்னைக்கும் இஸ்ரேல்ல யாருக்காவது தேங்க்ஸ் சொல்லணும்னா "தோதா"தான். ஆனா யோசுவா 7:19-ல, விலக்கப்பட்ட பொருளைத் திருடி ஒளிச்சு வச்ச ஆகான் மாட்டிக்கிட்டப்ப யோசுவா அவன்கிட்ட "தோதா குடு"ன்னுதான் சொல்றார், அங்க அதுக்கு அர்த்தம் அறிக்கை பண்ணு, உண்மையை ஒத்துக்கோ. நன்றியும் அறிக்கையும் ஒரே சொல்லா இருக்கிறதுக்குக் காரணம், ரெண்டுலயும் இருக்கிறதை இருக்கிறபடி வெளிய சொல்றோம். தோதாங்கிற பலியும் இருக்கு, லேவியராகமம் 7-ல, ஆபத்துல இருந்து தப்பினவர் கொண்டுவர்ற ஸ்தோத்திர பலி, அந்த மாம்சத்தை அன்னைக்கே சாப்பிட்டு முடிக்கணும், விடியற வரைக்கும் மீதி வைக்கக் கூடாது. ஒரு முழு மிருகத்தை ஒரு வீட்டுக்காரங்க ஒரே நாள்ல எப்படித் தின்னு தீர்க்கிறது, நாலு பேரைக் கூப்பிட்டாத்தான் ஆகும். நன்றி சொல்றது எப்பவும் விடுதலை வந்த பிறகு, ஊரோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே சொல்றதா இருந்துச்சு. வர்றதுக்கு முன்னாடியே வந்துட்ட மாதிரி நடிக்கச் சொல்லி அங்க யாரையும் கட்டாயப்படுத்தல.

உங்க மேடையில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் சொல்ற ஒரு வசனம் இருக்கும், எனக்குத் தெரியும், எல்லா சபையிலயும் சொல்றாங்க, "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." துதிச்சாத்தான் அவர் வருவார்ங்கிறதுக்கு ஆதாரமா இதைச் சொல்லுவாங்க. அது எங்க இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? சங்கீதம் 22, மூணாவது வசனம். முதல் வசனம், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" ரெண்டாவது வசனம், "என் தேவனே, நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர். இரவிலே கூப்பிடுகிறேன், எனக்கு அமைதலில்லை." அதுக்கு அப்புறம்தான் மூணாவது. தூக்கம் வராம ராத்திரி எல்லாம் கூப்பிட்டுப் பதில் வராத ஒருத்தன் சொன்ன வார்த்தை அது, என் ஜனத்தோட துதிகள் நடுவுல நீர் இருக்கிறீர், எங்க முன்னோர் கூப்பிட்டப்ப கேட்டீர், என் சத்தத்துக்கு மட்டும் ஏன் பதில் இல்லன்னு. நாம முதல் ரெண்டு வசனத்தையும் வெட்டிப் போட்டுட்டு மூணாவதை மட்டும் பேனர்ல எழுதி மாட்டிட்டோம். கர்த்தராகிய இயேசு சிலுவையில சொன்னது அந்த முதல் வசனத்தை. அதே சங்கீதம் 22-ஆம் வசனத்துல இருந்து "சபை நடுவில் உம்மைத் துதிப்பேன்"னு திரும்புது, சிறுமைப்பட்டவங்க சாப்பிட்டுத் திருப்தியாவாங்கன்னு அந்த தோதா விருந்து வாசனையும் அதுல வருது. ஆனா அதுக்கு நடுவுல இருக்கிற வசனங்களைத் தாண்டி யாரும் குதிக்கல.

நீங்க பாட்டு நடத்துறவங்க, அதனால இதை முக்கியமா கவனிங்க. இந்த 22-ஆம் சங்கீதத்துக்கும், "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கிற 13-க்கும், "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?"னு கேக்கிற 44-க்கும், விடிவே இல்லாம இருட்டுங்கிற சொல்லோட முடியிற 88-க்கும், நாலுக்குமே தலைப்புல "இராகத்தலைவனுக்கு"ன்னு இருக்கு. அதாவது கொயர் மாஸ்டருக்கு. இதெல்லாம் யாரோ ஒரு ஆள் டைரியில எழுதி ஒளிச்சு வச்சது இல்ல, ஆலயத்துப் பாடகர் குழுகிட்டக் குடுத்துப் பாடச் சொன்னது. 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான், அப்படியிருந்தும் அந்தப் புத்தகத்துக்கு எபிரெயர்கள் வச்ச பேரு தெஹில்லிம், துதிகள். என் அம்மா தவறின வருஷம் நான் 88-ஐத் தவிர வேற எதையும் வாசிக்க முடியாம இருந்தேன், அந்த சங்கீதத்தையும் "துதிகள்"ங்கிற அட்டைக்குள்ளதான் வச்சு பைண்ட் பண்ணியிருக்காங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

அதனால இந்த வாரம் பாஸ்டரைப் பாத்து நேரா சொல்லுங்க, கொஞ்ச காலம் நான் கீழ உக்காந்துக்கிறேன், மத்தவங்க பாடட்டும்னு. அவங்க பாடும்போது நீங்க பாட வேண்டாம், "ஆமென்" மட்டும் சொன்னாக்கூடப் போதும். அவர் ரொம்ப வற்புறுத்தினா, பாட்டுக்குப் பதிலா 13-ஆம் சங்கீதத்தை மட்டும் நின்னு வாசிக்கிறேன்னு கேட்டுப் பாருங்க, ஆறே வசனம்தான். அந்த சபையில அதைக் கேக்கிறதுக்காகக் காத்திருக்கிற ஆளுங்க நீங்க நினைக்கிறதைவிட ஜாஸ்தி இருப்பாங்க. எஸ்றா 3-ல ரெண்டாவது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட அன்னைக்கு ஒரு கூட்டம் ஆர்ப்பரிக்குது, பழைய ஆலயத்தைப் பாத்த முதியவங்க மகா சத்தமா அழுறாங்க, எது அழுகைச் சத்தம் எது சந்தோஷச் சத்தம்னு பிரிச்சறிய முடியலன்னு எழுதியிருக்கு. அழுதவங்களை யாரும் வெளிய அனுப்பல.

தூக்கம் பத்தி. அஞ்சு மாசமா சரியா தூங்கலன்னா ஒரு டாக்டரைப் பாருங்க, முடிஞ்சா துக்கத்துல இருக்கிறவங்ககிட்டப் பேசுற ஒரு கவுன்சிலரையும் பாருங்க, அது விசுவாசக் குறைவு கிடையாது. எலியா சூரைச்செடியின் கீழ படுத்துக்கிட்டு சாகணும்னு கேட்டப்ப தேவதூதன் முதல்ல கொண்டுவந்தது தண்ணியும் அடையும், சாப்பிட வச்சுத் தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வச்சான், பேச்செல்லாம் நாப்பது நாள் கழிச்சுத்தான்.

சார்ட் போடுங்க, விட வேண்டாம். படிக்கட்டு மாதிரி போடாதீங்க, ஏழுங்கிற நம்பரையும் எடுத்துடுங்க, ரின்னாவைச் சேத்துக்கோங்க, ஸீயக்கையும் சேத்துக்கோங்க. யாதாங்கிற சொல்லுக்குப் பக்கத்துல "கை தூக்குதல்"னு எழுதாம ஆதியாகமம் 29-ல இருந்து லேயாளோட பிள்ளைங்க பேரை எழுதுங்க. புருஷனோட அன்பு கிடைக்காத பொண்ணு அவ, முதல் பிள்ளை ரூபன், கர்த்தர் என் சிறுமையைப் பாத்தார்ங்கிறா, ரெண்டாவது சிமியோன், நான் வெறுக்கப்பட்டதைக் கேட்டார், மூணாவது லேவி, இனிமேலாவது என் புருஷன் என்னோட சேர்ந்து இருப்பார். நாலாவது பிள்ளைக்குத்தான் யூதா, "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்." யாதாங்கிற சொல்லுல இருந்து வந்த பேருன்னு அதைச் சொல்லிக்குடுங்க. நாலு பேரையும் பிறந்த வரிசையிலயே எழுதுங்க, முதல் மூணையும் விட்டுடாதீங்க.